நான்கு எலக்ட்ரான் சிலிக்கானுக்கும் உண்டு. கார்பன் மட்டும் ஏன் இத்தனை சேர்மங்களைத் தருகிறது?

கேள்வி கேட்பவர்: மூக்கையூர்க் கரை

அனைவருக்கும் வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊரில் இருக்கிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கார்பன் பாடத்தைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டாள். நான் வணிகவியல் படித்தவன் என்பதால் இரண்டுக்கும் என்னால் விடை சொல்ல முடியவில்லை.

கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அதனால் அது நான்கு சகப்பிணைப்புகளை (எலக்ட்ரான்களைப் பகிர்ந்து அமையும் பிணைப்புகளை) உண்டாக்கி எண்ணற்ற சேர்மங்களைத் தருகிறது என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் தனிம வரிசை அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருக்கும் சிலிக்கானுக்கும் அதே நான்கு எலக்ட்ரான்கள்தாம் இருக்கின்றன. நம் கடற்கரை மணலில் சிலிக்கான் கொட்டிக் கிடக்கும்போது, மீனும் மரமும் மனிதனும் ஏன் சிலிக்கானால் ஆகாமல் கார்பனால் ஆனார்கள் என்பது அவளுடைய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. சீமைக்கருவேல விறகை அடுக்கி அங்கே கரிமூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரியும் பென்சிலின் கறுப்புக் குச்சியும் வைரமும் ஒரே தனிமம் என்றால், மூட்டத்தில் இன்னும் அதிகச் சூடு கொடுத்தால் கரி பென்சில் குச்சியாக மாறிவிடுமா என்று கேட்கிறாள். அவளிடம் அப்படியே படித்துக் காட்டும்படி யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், இராமநாதபுரம்

வணக்கம் ஐயா. உங்கள் மகளின் முதல் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. நான்கு என்ற எண் விடையின் தொடக்கமே தவிர, முழு விடை அன்று. வகுப்பில் பல ஆண்டுகள் நானும் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்; அது போதாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

நான்கு ஏன் பகிர்வுக்கு இட்டுச் செல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வாலிநோக்கத்து உப்பளத்தில் விளையும் உப்பில் சோடியம் தன்னிடமுள்ள ஒரே ஒரு வெளி எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த ஒன்றைப் பிரிக்க ஒரு மோலுக்கு (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு) ஏறத்தாழ 496 கிலோஜூல் போதும். கார்பனிலிருந்து நான்கு எலக்ட்ரான்களையும் பிரித்தெடுக்க வேண்டுமானால் 14,000 கிலோஜூலுக்கு மேல் செலவாகும். புதிதாக நான்கை வாங்கிக்கொள்வதும் எளிதன்று, ஆறு புரோட்டான் மட்டுமே உள்ள கரு பத்து எலக்ட்ரான்களைக் கட்டிவைக்கத் திணறும். ஆகவே கொடுக்காமலும் வாங்காமலும், இணை இணையாகப் பகிர்ந்துகொள்வதே கார்பனுக்கு உகந்த வழியாக அமைகிறது. இந்த எலக்ட்ரான் இணை என்னும் கருத்தை 1916இல் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்தார். கார்பன் நான்கு இணைதிறன் உடையது, தன்னோடு தானே சங்கிலியாக இணைய வல்லது என்பதை அதற்கும் முன்பே, எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத 1858இல், கெக்குலேயும் கூப்பரும் தனித்தனியே சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இதுவரை சொன்னது பெருமளவு சிலிக்கானுக்கும் பொருந்தும். இரண்டும் பிரியும் இடம் அணுவின் அளவு. கார்பன் அணுவின் சகப்பிணைப்பு ஆரம் சுமார் 77 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), சிலிக்கானுடையது சுமார் 117. சிறிய அணுக்கள் நெருங்கி நின்று பகிர்வதால் பிணைப்பு உறுதியாகிறது. ஒரு கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்குச் சுமார் 347 கிலோஜூல் வேண்டும்; சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்புக்குச் சுமார் 226 போதும்.

ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். அவை ஆக்சிஜனோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கார்பன்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் சுமார் 358, அதாவது கார்பன்–கார்பன் பிணைப்புக்கு ஏறத்தாழச் சமம். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்போ சுமார் 452, அதாவது சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பைப் போல இரண்டு மடங்கு. கார்பனுக்குத் தன் இனத்தோடு கைகோப்பதும் ஆக்சிஜனோடு கைகோப்பதும் ஏறக்குறைய ஒரே மதிப்புடையவை. ஆகவே ஒரே மூலக்கூறுக்குள் கார்பன் சங்கிலியும் இருக்கலாம், நடுநடுவே ஆக்சிஜனும் நைட்ரஜனும் வந்து அமரலாம், சங்கிலி கலைவதில்லை. சிலிக்கானுக்கு அந்தச் சமநிலை இல்லை. ஆக்சிஜனைக் கண்டதும் தன் சங்கிலியை விட்டு அதனிடம் போய்விடும், போனபின் திரும்பவும் வராது. உங்கள் ஊர்க் கடற்கரையில் சிலிக்கான் மணலாகக் கிடப்பதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டத்தில் நிலத்தடியிலிருந்து இயற்கை எரிவாயு எடுத்து வழுதூரில் மின்சாரம் தயாரிக்கிறார்கள். அந்த வாயுவின் பெரும்பகுதி மீத்தேன், ஒரு கார்பனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். மீத்தேன் காற்றோடு கலந்திருந்தாலும் ஒரு பொறி படும்வரை, அல்லது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும்வரை எரியாது. அதே அமைப்பில் சிலிக்கானைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் கொண்ட சிலேன் என்ற வாயு, காற்றுப் பட்டதுமே தானாகத் தீப்பற்றும். சிலிக்கான் அணு பெரியது. அதன் மேல் இன்னொரு அணு வந்து ஒட்டிக்கொள்ள இடமிருக்கிறது, ஆகவே தாக்குதல் எளிதாக நடக்கிறது. கார்பனின் நான்கு பக்கமும் அடைபட்டுவிட்டால் நெருங்குவதற்கு வழியில்லை. எரிந்தால் ஏராளமான வெப்பத்தைத் தரக்கூடிய பொருள், எரியத் தூண்டப்படும்வரை அமைதியாக இருக்கிறது. உயிர் கார்பனைத் தேர்ந்ததற்கு இந்தப் பொறுமையே முதற்காரணம் என்பது என் கருத்து. பிணைப்பின் வலிமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

மூன்றாவதாக, சிறிய அணுக்கள் நெருங்கி நிற்பதால் பக்கவாட்டிலும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் அமைக்க முடிகிறது. கார்பன் டைஆக்சைடில் ஒரு கார்பன் இரு ஆக்சிஜன்களையும் இரட்டைப் பிணைப்பால் பிடித்துக்கொள்வதால் அது மூன்று அணு கொண்ட தனி மூலக்கூறாக, வாயுவாக உலவுகிறது. கடல் நீரில் கரைகிறது, இலைக்குள் நுழைகிறது. சிலிக்கானால் அவ்வாறு நிலையான இரட்டைப் பிணைப்பு அமைக்க இயலாது. ஆகவே அதன் ஆக்சைடில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன்களைத் தனித்தனியே பிடித்து, முடிவில்லாத வலையாகி, உருக்குவதற்கே 1700 டிகிரி அளவுக்குச் சூடு கேட்கும் கல்லாகிவிடுகிறது. மூச்சை வாயுவாக வெளியே விடுவதற்குப் பதில் மணலாகத் துப்ப வேண்டியிருந்தால் எந்த உயிரும் பிழைத்திருக்க முடியாது. புவி மேலோட்டின் எடையில் 28 விழுக்காடு சிலிக்கான், கார்பனோ 0.1 விழுக்காடுகூட இல்லை. இருந்தும் உயிர் அந்த அரிய பொருளையே தேடிச் சேர்த்திருக்கிறது.

உங்கள் மகள் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். கரை மணலில் ஒரு பிடி அள்ளினால் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் துகள்களும் வெள்ளையாகச் சிப்பி, சங்கு உடைந்த துகள்களும் கலந்திருக்கும். நல்ல தண்ணீரில் அலசி ஒரு தட்டில் பரப்பி, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கட்டும். சிப்பித் துகளிலிருந்து மட்டும் நுண்குமிழிகள் எழும். அங்கே ஒரு கார்பன் மூன்று ஆக்சிஜன்களோடு தட்டையான முக்கோணமாக அமர்ந்து, கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இருக்கிறது. அமிலம் பட்டதும் அது கார்பன் டைஆக்சைடாகக் கிளம்பிவிடுகிறது. பக்கத்தில் கிடக்கும் குவார்ட்ஸ் துகள் அசையாது.


பதில்: கடலாடி மூட்டக்காரர்

ஐயா எழுதியதைப் படித்தேன். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாக மூட்டம்தான் தொழில். நான் இளங்கலை இயற்பியல் முடித்துவிட்டு இதே தொழிலுக்கு வந்தவன். இரண்டாவது கேள்விக்குத் தொழில் பக்கமிருந்து நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

மூட்டம் என்பது விறகை எரிப்பதன்று, எரிய விடாமல் சுடுவது. தூர்க்கட்டைகளையும் விறகையும் நெருக்கமாக அடுக்கி, தழையும் வைக்கோலும் போட்டு மூடி, மேலே ஈர மண்ணைப் பூசி, ஒரு வாயில் மட்டும் தீயிட்டுப் புகை போக ஓட்டை விடுவோம். முதலில் வெள்ளையாக, கனத்த புகை வரும், அது பெரும்பாலும் நீராவி. பிறகு புகை மஞ்சளித்துக் கண்ணை எரிக்கும். கடைசியில் மெல்லிய நீலமாக மாறும்போது ஓட்டைகளை அடைத்து ஆற விடுவோம். மரத்திலிருந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராகவும், அமிலமாகவும், தாராகவும், வாயுவாகவும் வெளியேறிவிட, கார்பன் மட்டும் தன்னோடு தான் பிணைந்து தங்கிவிடுகிறது. விறகுக் கட்டையின் வடிவம் கலையாமல், ஆண்டு வளையம்கூட அப்படியே தெரியும் கரித்துண்டுகளை நான் தினமும் பார்க்கிறேன்.

அவசரப்பட்டுத் திறந்ததன் விளைவையும் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். ஒரு வியாபாரி லாரியை அனுப்பிவிட்டார் என்பதற்காக, கை வைத்தால் மண் இளஞ்சூடாகத்தான் இருக்கிறது என்று நம்பி, நாள் முடியும் முன்பே ஒரு பக்கம் மண்ணைத் தள்ளினோம். உள்ளே கறுப்பாகக் கிடந்த கரி காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் சிவந்து, மூட்டம் முழுக்கத் தணலாகிவிட்டது. தண்ணீர் வண்டி வருவதற்குள் பாதிக்கு மேல் சாம்பல். ஆசிரியர் சொன்ன பொறுமை ஆறிய கரிக்குத்தான் உண்டு. சூடான கரிக்குக் கிடையாது.

கரியின் தரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்வோம். நன்றாகச் சுட்ட கரியை இன்னொரு கரியில் தட்டினால் கிண் என்று மண்பானைச் சத்தம் வரும். வேகாத கரி மந்தமாக ஒலிக்கும், அடுப்பில் போட்டால் புகையும். ஆசிரியரிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கல்லூரியில் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்று படித்தேன். எங்கள் கரியை மல்டிமீட்டரில் வைத்தால் சில துண்டு கடத்துகிறது, சில துண்டு கடத்தவே இல்லை. ஒரே மூட்டத்துக் கரியில் இந்த வேறுபாடு ஏன்?


பதில்: பாசிக்கரை, மண்டபம்

ஆசிரியருக்கு முன்னால் நான் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவும் அத்தையும் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர்கள். நான் உயிர்வேதியியல் படித்து, கடற்பாசியோடு வேலை செய்கிறேன். கார்பன் எத்தனை கைகளால் பிணைகிறது என்பதோடு, அந்தக் கைகள் எந்தத் திசையில் நீள்கின்றன என்பதையும் சிறுமிக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

துறைமுக அலைதடுப்புச் சுவரில் போடும் நான்குகால் கான்கிரீட் கட்டைகளை அவள் பார்த்திருந்தால் கார்பனின் வடிவத்தைப் பார்த்துவிட்டாள் என்று பொருள். எப்படிப் புரட்டினாலும் மூன்று கால் கீழே ஊன்ற ஒரு கால் மேலே நிற்கும். எந்த இரு கால்களுக்கும் இடையே ஏறத்தாழ 109.5 டிகிரி. நான்கு ஒற்றைப் பிணைப்பு கொண்ட கார்பன் இப்படி நான்முகி வடிவத்தில் இருக்கிறது என்பதை 1874இல் வாண்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே எடுத்துரைத்தார்கள். வாண்ட் ஹாஃபுக்கு அப்போது வயது 22.

நான்கு கால்களிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அவற்றில் இரண்டை இடம் மாற்றி ஒட்டினாலே வேறு பொருளாகிவிடும். கஞ்சிப்பாசியிலும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கிடைக்கும் அகர், காலக்டோஸ் வகைச் சர்க்கரைகள் கோத்த சங்கிலி. அரிசிக் கஞ்சியிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸ் கோத்த சங்கிலி. குளுக்கோஸ், காலக்டோஸ் இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே, ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். நான்காவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பது மட்டுமே வேறுபாடு. குளுக்கோஸிலேயே, கோக்கும் திசை ஒரு விதமாக இருந்தால் நமக்குச் செரிக்கும் மாவுச்சத்து. இன்னொரு விதமாக இருந்தால் நமக்குச் செரிக்காத செல்லுலோஸ், அதாவது மூட்டத்துக்குப் போகும் விறகின் பெரும்பகுதி. ஒரே கார்பன், ஒரே எண்ணிக்கை, பிணைப்பின் திசையில் மட்டும் மாற்றம்.

கிளை பிரிவதாலும் எண்ணிக்கை பெருகுகிறது. நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனுக்கு இரண்டு மாற்றியங்கள் (வாய்பாடு ஒன்றாக, அமைப்பு வேறாக உள்ள சேர்மங்கள்), பத்து கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 75, இருபது கார்பனுக்கு 3,66,319. இது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், அதுவும் ஒற்றைப் பிணைப்பு மட்டும் கொண்ட கணக்கு. மேலே சொன்ன திசை வேறுபாட்டை இதில் சேர்க்கவே இல்லை.


பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், இராமநாதபுரம்

பாசிக்கரை அவர்கள் சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். நன்றி அம்மா.

மூட்டக்காரர் தம்பிக்கும் சிறுமிக்கும் சேர்த்து எழுதுகிறேன். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களை 154 பிகோமீட்டர் தொலைவில் பிடித்திருக்கிறது. ஓர் எலக்ட்ரான்கூட ஓய்வாக இல்லை, ஆகவே மின்சாரம் பாயாது; எந்தப் பக்கம் தள்ளினாலும் நான்கு கை எதிர்ப்பதால் அத்தனை கடினம். கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பன்களை மட்டும் 142 பிகோமீட்டரில் பிடித்து, தேன்கூடு போன்ற அறுகோணத் தட்டாகப் பரவுகிறது. மிஞ்சிய நான்காவது எலக்ட்ரான் தட்டு முழுவதற்கும் பொதுவாகி மின்சாரத்தைச் சுமக்கிறது. தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி 335 பிகோமீட்டர். அவற்றுக்கிடையே பிணைப்பில்லை, மெல்லிய ஈர்ப்பு மட்டுமே இருக்கிறது. பென்சிலால் எழுதும்போது தாளில் ஒட்டுவது அப்படி வழுக்கி வந்த தட்டுகளே. வைரமும் கரியும் ஒரே பொருள் என்பதை, சம எடை எரித்தால் சம அளவு கார்பன் டைஆக்சைடு வருகிறது என்று காட்டி 1797இல் ஸ்மித்சன் டென்னன்ட் நிறுவினார்.

மரக்கரி இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறது. அதற்குள்ளும் கிராஃபைட் போன்ற தட்டுகள் உண்டு, ஆனால் மிகச் சிறியவை. கோணல்மாணலாக, ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து, இடையிடையே வெற்றிடங்களோடு கிடக்கின்றன. குறைந்த சூட்டில் சுட்ட துண்டில் தட்டுகள் தனித்தனித் தீவுகளாக இருப்பதால் எலக்ட்ரான் தாண்ட முடியாது. ஏறத்தாழ 600, 700 டிகிரிக்கு மேல் போன துண்டில் தீவுகள் வளர்ந்து தொட்டுக்கொள்வதால் மின்சாரம் கடக்கிறது. மூட்டத்தில் காற்று ஓட்டைக்கு அருகிலிருந்த கட்டைக்குச் சூடு மிகுதி, ஓரத்திலிருந்ததற்குக் குறைவு. மல்டிமீட்டர் காட்டிய வேறுபாடும் நீங்கள் தட்டிக் கேட்கும் ஒலியும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள்.

அப்படியானால் இன்னும் சூடாக்கினால் கிராஃபைட் ஆகுமா என்பதற்கு விடையைக் கண்டவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ. ஆய்வுக்காக அறியப்படும் அவரேதான், அதற்கு முன் கரியை ஆராய்ந்தவர். 1951இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவர் கரிகளை இரண்டாகப் பிரித்தார். சில கரிகள் சூடாக்கச் சூடாக்கத் தட்டுகள் ஒழுங்காகி கிராஃபைட் ஆகிவிடும். சிலவற்றை 3000 டிகிரி வரை கொண்டுபோனாலும் ஆகாது. மரக்கரி இரண்டாவது இனம். சூடேறும் தொடக்கத்திலேயே சிறுதட்டுகள் குறுக்கே பிணைந்துவிடுவதால் பின்னர் புரண்டு வரிசையில் படுக்க அவற்றால் இயலாது. எந்தக் கார்பன்–கார்பன் பிணைப்பின் வலிமையை நாம் புகழ்ந்தோமோ, அதே வலிமைதான் இங்கே வழியை அடைக்கிறது. தம்பி சொன்ன கலையாத ஆண்டு வளையம் இதற்குச் சாட்சி.

ஒரு எச்சரிக்கையும் இதே பாடத்தைச் சேர்ந்தது. தணலுக்குக் காற்றுப் போதாதபோது கார்பன் ஒரே ஓர் ஆக்சிஜனோடு முப்பிணைப்பால் இணைந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அந்தப் பிணைப்பின் ஆற்றல் 1072 கிலோஜூல், ஆகவே எளிதில் சிதையாது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் போகவென்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவதும், மூட்டத்தின் புகைவாய்க்குக் காற்று அடிக்கும் திசையில் படுப்பதும் உயிருக்கு ஆபத்து. புகை தெரியாத தணலில்தான் இந்த வாயு அதிகம் இருக்கும் என்பதை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.


கேள்வி கேட்டவர்: மூக்கையூர்க் கரை

மூவருக்கும் என் குடும்பத்தின் நன்றி. நேற்று மாலை இரண்டையும் செய்து பார்த்தோம். எலுமிச்சைச் சாறு விட்டதும் வெள்ளைத் துகள்களின் விளிம்பில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக ஏறின. ஒரு நத்தைச் சிப்பித் துண்டு குமிழிகளைச் சுமந்தபடி சற்று நகரவும் செய்தது. கண்ணாடித் துகள்களில் ஒன்றும் நிகழவில்லை.

பின்வீட்டு மூட்டத்திலிருந்து ஏழு கரித்துண்டுகள் வாங்கி, முதலில் தட்டிப் பார்த்து வரிசைப்படுத்தி, பிறகு மல்டிமீட்டரில் வைத்தாள். கிண் என்று ஒலித்த மூன்றும் கடத்தின. மந்தமாக ஒலித்த மூன்றும் கடத்தவில்லை. ஏழாவது துண்டு நன்றாக ஒலித்தும் ஒரு முனையில் மட்டுமே கடத்தியது. அதை உடைத்துப் பார்த்தபோது மறுமுனையின் உட்புறம் இன்னும் பழுப்பாக, மரமாகவே இருந்தது. அந்தத் துண்டைத் தாளில் சுற்றித் தேதி எழுதி வைத்திருக்கிறாள், பள்ளிக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.